துபாஷி கூட்டிச் சொன்னது

பிலவங்க வருஷம், புரட்டாசி 9

கப்பல் போய்விட்டது. முனைக்கு அப்பால் பாய் மறையும்வரை கரையில் நின்றேன். மறைந்த பிறகும் நின்றேன், எதற்கென்று தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டதும் உள்ளே வந்தேன்.

இந்தக் காகிதங்கள் என்றைக்காவது சென்னப்பட்டணத்தில் யார் கைக்காவது கிடைத்தால் விஷயம் தெளிவாக இருக்கட்டும். நான் ஏகாம்பர முதலி, இங்கிலீஷ்காரக் கப்பித்தான் ஒருவருக்குத் துபாஷி, இரு பக்கப் பேச்சையும் மாற்றிச் சொல்பவன். பட்டணத்தில் கப்பலேறி, சீனத்து மக்காவ் துறைமுகத்தைத் தொட்டு, அங்கிருந்து கிழக்கே மாதக்கணக்கில் ஓடி இந்தக் குளிர்க்கரைக்கு வந்தோம். இந்தக் கடலில் ஒரு நீர்நாய் இருக்கிறது. அதன் தோல் என்றால் சீனத்துப் பிரபுக்கள் உயிரை விடுகிறார்கள். கரைக்காரர்கள் வேட்டையாடித் தருகிறார்கள். நாங்கள் இரும்பு உளியும் செப்புத் தகடும் கொடுத்து வாங்குகிறோம். இரண்டு மாதம் நங்கூரம் போட்டுக் கிடந்ததில் இவர்கள் பேச்சு எனக்குப் பிடிபட்டுவிட்டது. கப்பலில் வேறு ஒருவருக்கும் பிடிபடவில்லை. பெருமைக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் சேரும் தோல்களை வேறு கப்பலுக்கு விற்காமல் எங்களுக்கே வைத்திருப்பதாகத் தலைவர் தாட்சுல் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிணையாக அவர் தம்பி ஓயெக் கப்பலில் போகிறான். கப்பல் திரும்பி வரும் என்பதற்குப் பிணையாக நான் இங்கே இருக்கிறேன். ஆளுக்கு ஆள். முதலில் கொஞ்சம் வேறு மாதிரி பேசியிருந்தோம், கடைசி நேரத்தில் ஒரு சிறிய மாற்றம். கப்பித்தான் உத்தரவு. நான் என்ன செய்ய?

துணைக்குக் கயித்தான் இருக்கிறான். தூத்துக்குடிக்காரன், கப்பலில் பாய் தைப்பவன். ஈறு வீங்கி, பல்லெல்லாம் ஆடி, காலூன்ற முடியாமல் கிடக்கிறான். துணை என்று எழுதிவிட்டேன். பிழைத்தால் பார்க்கலாம்.

புரட்டாசி 14

ஒரே வீட்டில் நாற்பது பேர். பெரிய பெரிய பலகைகளால் கட்டிய வீடு, நடுவில் நெருப்பு, மேலே பரணில் மீன் காய்கிறது. புகையில் கண் எரிகிறது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் கரைக்குப் போகத் தோன்றுகிறது. நான் சைவன் என்று சைகையோடு விளக்கினேன். வீடே சிரித்தது. காட்டுப்பழமும் கிழங்கும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓயெக்கின் மனைவி நயிச்சா இன்று என் முன்னால் வந்து நின்றாள். "நீ ஏன் இங்கே இருக்கிறாய்?" என்றாள். தோல்களைப் பார்த்துக்கொள்ள என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள். வந்த விருந்தாளியைப் பார்த்து இப்படிக் கேட்பது எங்கள் பக்கம் மரியாதை ஆகாது.

புரட்டாசி 27

மழை. கரைக்கு நான்கு தரம் போய்வந்தேன்.

ஐப்பசி 11

கயித்தான் எழுந்து நடமாடுகிறான். மீன் எண்ணெயும் ஊசியிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரும் விடாமல் கொடுத்து நயிச்சாதான் பிழைக்க வைத்தாள். எழுந்த கையோடு என்னைச் சீண்ட ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மொதலியாரே, உம்ம வாயிலயும் மீன் எண்ண மணக்குது?"

"பழத்து மேல ஊத்திக் குடுக்கறாங்கப்பா. நான் இன்னா பண்றது?"

"ஆமா ஆமா. நேத்து அந்தப் பழத்துக்கு முள்ளு இருந்துச்சுலா. துப்புனீர, பாத்தேன்."

இவனிடம் பேச்சுக் கொடுக்கவே கூடாது.

கார்த்திகை 6

நேற்று பெரிய விருந்து. வளைகுடா முழுவதிலிருந்தும் தோணிகளில் வந்திருந்தார்கள். தலைவர் தாட்சுல் எழுந்து நின்று சொன்னார்: என் தம்பி தோல் போகும் நாட்டைப் பார்க்கப் போயிருக்கிறான், குளிர் முடிந்து சின்ன மீன் கரைக்கு வரும் காலத்தில் நிச்சயம் கொண்டுவந்து விடுவதாகக் கப்பல் தலைவன் சொல்லியிருக்கிறான், அதை இந்த ஏகாம்பரம் தன் வாயால் நம்மிடம் சொன்னான். பிறகு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். என் பெயரும் வந்தது. எனக்குக் கிடைத்தது முதல்தரமான நீர்நாய்த் தோல். ஊதினால் மயிர் பிரிந்து அடி தெரியாத அளவுக்கு அடர்த்தி.

இரண்டு கையாலும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். துபாஷி வேலையில் இருபது வருஷம் பழகியவன் நான். பேச்சு முடிந்தால் இந்தப் பக்கம் ஒரு சால்வை, அந்தப் பக்கம் ஒரு சால்வை. மறுத்தால் கொடுத்தவருக்கு அவமானம். இங்கேயும் மரியாதை தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது.

நயிச்சா மட்டும் நான் வாங்கும்போது என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி 3

காற்று. பலகைகள் அடித்துக்கொள்கின்றன. கயித்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டு வருகிறான். அவன் கணக்குக்கும் என் கணக்குக்கும் மூன்று நாள் இடிக்கிறது. என் கணக்குத்தான் சரி.

மார்கழி 19

கயித்தானிடம் இன்று சண்டை. நான் கரைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவன் பழைய பாயில் எனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான்.

"ஓயெக்குகிட்ட, நானும் கூட வாரேன்னு நீருதான சொன்னீரு?"

"யார் சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? தோணியில படுத்துக் கெடந்தேன், நெஞ்சத் தொட்டுக் கப்பலக் காட்டுனீர, கண்ணு செத்தா போச்சு? பிணைக்கு இங்கன இருக்க வேண்டியது நான். அவனுக்கு வாயா கப்பல்ல போக வேண்டியது நீரு. அவன் ஏணியில ஏறுதான், நீரு மறுபக்கம் இறங்குதீரு. மேல போயி உம்மத் தேடுனாம்யா. பேரச் சொல்லிக் கூப்புட்டான். பாவம்."

"கப்பித்தான் உத்தரவு."

"உத்தரவா?" என்றான். பல்லால் நூலைக் கடித்து அறுத்தான். சட்டையை என் பக்கம் தள்ளிவிட்டான்.

மார்கழி 20

தோணியில் போகும்போது அப்படி ஏதாவது சொல்லியிருக்கலாம். சரியாக ஞாபகம் இல்லை. ஒருவன் தயங்கும்போது தைரியம் சொல்வது வழக்கம்தானே.

தை 8

இன்று ஒன்று பார்த்தேன்.

கரை ஒதுங்கிக் கிடந்த ஒரு திமிங்கிலம் யாருடையது என்று இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் தகராறு. அந்தக் கரை யாருக்கு என்று முன்பொரு விருந்தில் சொல்லியிருக்கிறார்களாம். அந்த விருந்தில் பரிசு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அன்று கேட்டதைச் சொல் பிசகாமல் சொன்னார்கள். ஒருவன் மட்டும் தன் மைத்துனனுக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாற்றிச் சொன்னான். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வாங்கிய போர்வையை நடுவில் வைக்கச் சொன்னார்கள். இனி எந்த விருந்திலும் அவன் பெயரைக் கூப்பிட மாட்டார்கள், அவன் பிள்ளைகள் பெயரையும் கூப்பிட மாட்டார்கள் என்றார்கள். அவன் மனைவி அழுதுகொண்டே வாசல் ஓரம் போய் உட்கார்ந்தாள்.

இங்கே பரிசு மரியாதைக்கு இல்லை. சாட்சிக்கு. வாங்கியவன் தான் கேட்டதையும் கண்டதையும் கேட்கும்போது எழுந்து சொல்லியாக வேண்டும். என் தலையணைக்கு அடியில் இருக்கும் தோலுக்கும் அதுதான் அர்த்தம்.

தை 9

தோலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தலைவர் சிரித்துவிட்டார். "குளிருக்குப் போர்த்திக்கொள். நேரம் வரும்போது கூப்பிடுகிறேன்" என்றார்.

மாசி 2

தூங்கிப் பல நாள் ஆகிறது. இனி மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? படிக்கப் போகிறவனும் நானே.

கப்பித்தான் 'நிச்சயம்' என்று சொல்லவில்லை. தோதுப்பட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அப்போதே கப்பலில் ஓட்டை. மூன்று ஆள் ஓயாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிமார் அதை மக்காவிலேயே விற்றாலும் விற்பார்கள் என்று மாலுமிகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. நான் தலைவரிடம் "சின்ன மீன் வரும்போது நிச்சயம் வருவோம்" என்றேன். இது எங்கள் தொழில். துரை முறைத்தால் வணங்கினார் என்போம். வியாபாரி ஏசினால் யோசிக்கிறார் என்போம். இருபது வருஷமாக இப்படிக் கூட்டியும் குறைத்தும் சொல்லித்தான் இரண்டு பக்கமும் சிரித்த முகமாக எழுந்து போயிருக்கிறார்கள்.

உத்தரவும் இல்லை. நான்தான் கப்பித்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சாகப்போகிற பாய்க்காரன் பிணைக்கு ஆவானா, நான் இருந்தால் ஒரு தோல் வெளியே போகாது என்றேன். உண்மை என்னவென்றால் அந்தக் கடலில் மறுபடி ஏற எனக்குப் பயம். வரும்போது புயலில் இரண்டு நாள் பாய்மரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். பயந்தவன் நான். ஓயெக் பயப்படவில்லை, நான் கூட இருப்பேன் என்பதால்.

பங்குனி 5

சின்ன மீன் வந்துவிட்டது. கடல் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. "நம்மூரு சாளை மாதிரியே இருக்கு பாத்தீரா" என்று கயித்தான் குதிக்கிறான். ஊசியிலைக் கிளைகளை வெட்டிக் கடலில் அமிழ்த்தி வைக்கிறார்கள். மீன் அதில் முட்டை இட்டுவிட்டுப் போகிறது. கிளையோடு எடுத்துக் காயவைத்துத் தின்கிறார்கள். நானும் தின்கிறேன். இனி அதை மறைப்பானேன்.

நயிச்சா ஒரு கூடை முட்டையைத் தனியாகக் காயவைத்து எடுத்து வைத்தாள். ஓயெக்குக்கு. கூடையை மூடிவிட்டு, எத்தனை நாள் ஆகும் என்று என்னிடம் கேட்டாள்.

"சீக்கிரம்" என்றேன். மறுபடியும் சொல்லிவிட்டேன்.

பங்குனி 21

தெற்கே இருந்து வேறொரு ஊர்த் தலைவன் வந்து தோல் கேட்டான். நல்ல செம்பு கொண்டுவந்திருந்தான். தலைவர் பரணைக் காட்டினார். அத்தனையும் தம்பி வரும் கப்பலுக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கீலக வருஷம், சித்திரை 1

வருஷப் பிறப்பு என்று நினைக்கிறேன். மீன் போய்விட்டது. கடலில் ஒன்றும் இல்லை.

வைகாசி 2

பாய் தெரிகிறது! ஊரே கரையில் நிற்கிறது. நயிச்சா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

எங்கள் கப்பல் இல்லை. இரண்டு பாய்மரக் கப்பல், புதிது. கயித்தான் பாயின் தையலைப் பார்த்தே சொல்லிவிட்டான்.

வைகாசி 3

தலைவர் என்னைக் கப்பலுக்கு அனுப்பினார். புதுக் கப்பித்தான் என் இங்கிலீஷைக் கேட்டு வாய் பிளந்தார். ரொட்டி கொடுத்தார். எட்டு மாதத்துக்குப் பின் ரொட்டி. சாப்பிடும்போதே சொன்னார்.

எங்கள் கப்பல் மக்காவ் போய்ச் சேர்ந்ததாம். அங்கேயே விற்று, பலகை பலகையாகப் பிரித்துவிட்டார்களாம். அதில் வந்த கரைக்காரன் ஒருவன் துறையிலேயே இருந்தானாம். மாசியில் காய்ச்சல் கண்டு பத்தாம் நாள் செத்துப்போனான். மாலுமிகளைப் புதைக்கும் மேட்டில் புதைத்திருக்கிறார்கள். "யார் போனாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்வான். சமையல்காரனிடம் சொல்வான், சலவைக்காரச் சீனனிடம் சொல்வான். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன மாதிரி இருந்தது. ஒரு எழுத்துக்கூட யாருக்கும் புரியவில்லை" என்றார்.

ரொட்டியை வைத்துவிட்டேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். தோலெல்லாம் கப்பலில் ஏறும்வரை கரையில் மூச்சு விடாதே. முடிந்ததும் உன்னையும் உன் ஆளையும் மக்காவுக்குக் கொண்டுபோகிறேன், அங்கிருந்து பட்டணத்துக்குக் கப்பல் பார்த்துத் தருகிறேன் என்றார்.

கரையில் தலைவர் காத்திருந்தார். தம்பியைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாதாம் என்றேன்.

வைகாசி 4

கயித்தானிடம் மட்டும் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டான்.

"இப்பம் என்ன செய்யப் போறீரு?"

"தெரியல."

"சொன்னா நம்ம ரெண்டு பேரு தலையும் இருக்காது. சொல்லலன்னா ஊரு போயிச் சேருவோம்." பிறகு சொன்னான்: "அந்தப் பிள்ளதான்யா எனக்கு எண்ணெ ஊட்டி உசுரு குடுத்துச்சு. கூடையத் தூக்கிக்கிட்டு அது நிக்கத என்னால பாக்க முடியல. நீரு உமக்குத் தோணுனதச் செய்யும்."

நாளை வியாபாரத்துக்கு முன் விருந்து. தலைவர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: ஏகாம்பரம் தோலைப் போர்த்திக்கொண்டு வரட்டும்.

வைகாசி 6

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

வீடு நிறைந்திருந்தது. புதுக் கப்பித்தானும் அவர் ஆட்களும் நெருப்புக்கு அந்தப் பக்கம். பரணிலிருந்து தோல்கள் இறங்கி அடுக்கடுக்காக இருந்தன. தலைவர் எழுந்தார். "சின்ன மீன் வந்தது, போனது. வந்த கப்பல் வேறு. நான் தம்பிக்காகக் காத்திருப்பதா, இவர்களுக்கு விற்பதா? விற்றுவிட்டால் என் தம்பியைத் திருப்பிக் கேட்க என் கையில் ஒன்றும் இருக்காது. கப்பல் தலைவன் சொன்னதைக் கேட்டவன் ஒருவன் இருக்கிறான். அவன் சொல்லட்டும்" என்றார். என் பெயரைக் கூப்பிட்டார்.

எழுந்தேன். நிச்சயம், சீக்கிரம், கவலை வேண்டாம், எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. நயிச்சா எதிரில் இருந்தாள். எப்படிச் சொல்ல ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. தோலைக் கழற்றி நடுவில் வைத்தேன். கப்பித்தான் நிச்சயம் என்று சொல்லவில்லை, நான் கூட்டிச் சொன்னேன் என்றேன். ஓயெக்கோடு போவதாகச் சொல்லிவிட்டுப் பயந்து இறங்கினேன், எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை என்றேன். நீங்கள் வலை பின்னிக்கொண்டிருந்த மாதத்தில் ஓயெக் காய்ச்சலில் செத்துப்போனான் என்றேன்.

பெண்கள் குரல் எழுந்தது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை. ஓயெக்கின் சித்தப்பா மகன் கத்தியோடு என்னிடம் வந்தான். தலைவர் நடுவே கையை நீட்டினார்.

"சாட்சியைத் தொடாதே. என் தம்பியைப் பற்றி நமக்கு மிச்சம் இருப்பது இவன் வாயில்தான் இருக்கிறது."

என்னிடம் திரும்பி, "மறுபடி சொல்" என்றார். வீட்டின் நாலு மூலைக்கும் திரும்பி நான்கு முறை சொல்ல வைத்தார். நான்கு முறையும் ஒரே மாதிரி சொன்னேன்.

கப்பித்தான் எழுந்து, "என்ன சொல்லித் தொலைத்தாய்?" என்று கத்தினார். அவருக்கும் அதையே இங்கிலீஷில் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வைகாசி 8

இரண்டு நாள் ஒருவரும் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை மட்டும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். கப்பித்தான் நங்கூரம் எடுக்கத் தயாராக இருந்தார்.

இன்று காலை தலைவர் என்னைக் கூட்டிக்கொண்டு கப்பலுக்குப் போனார். துக்கத்துக்குக் கறுப்பு பூசிய முகம். சுருக்கமாகப் பேசினார். தோலில் பாதி இப்போது. மீதிப் பாதி அடுத்த வருஷம். என் ஆள் ஒருவனும் இனி எந்தக் கப்பலிலும் ஏறமாட்டான். ஆனால் இவனை என் தம்பி கிடக்கும் மேட்டுக்குக் கொண்டுபோய், திரும்ப இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இவன் எழுந்து நின்று பார்த்ததைச் சொன்ன பிறகுதான் மீதித் தோல்.

கப்பித்தான் சரி என்றார். அவர் எங்கே சிரித்தார், எங்கே யோசித்தார் என்பதைக்கூட விடாமல் தலைவரிடம் சொன்னேன்.

திரும்பும்போது தோணியில் தலைவர் அந்தத் தோலை என் மடியில் போட்டார். "இன்னும் முடியவில்லை" என்றார். அந்தக் கடலை நான் இனி மூன்று தரம் தாண்ட வேண்டும்: மேட்டுக்குப் போக, இங்கே திரும்ப, பிறகு ஊர் போக.

வைகாசி 9

நயிச்சா வந்தாள். தலைமயிரைக் காதுக்கு மேலே வெட்டியிருந்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"அங்கே யாருக்கும் அவன் பேச்சு புரியவில்லையா?"

"புரியவில்லை."

"நீ இருந்திருந்தால்?"

"புரிந்திருக்கும்."

தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. அந்த மேட்டில் போய் நின்று அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தந்தாள். நாலைந்து வாக்கியம்தான். நான் திருப்பிச் சொன்னேன். நடுவில் எனக்கே தெரியாமல் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டேன். அன்பாக இருக்கட்டும் என்று வந்துவிட்டது. அவள் உள்ளங்கையால் தரையில் அடித்தாள்.

"அது நான் சொன்னது இல்லை."

மறுபடி முதலிலிருந்து. இருட்டும் வரை சொல்ல வைத்தாள். கடைசியில் அவள் கை சும்மா இருந்தது. அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது.

வைகாசி 13, கப்பலில்

கரை மறைந்து மூன்று நாள். இரவு பகலாக வாந்தி. கயித்தான் என்னைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாய் தைக்கிறான். அலை ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அவள் சொன்னதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

"என்னய்யா முணுமுணுக்கீரு, செவ மந்திரமா?"

"இல்லப்பா. ஓயெக்குக்கு."

"இதுலதான் எழுதி வைக்கக் கூடாதா? மறந்துருவீர."

காகிதத்தை எடுத்தேன், எழுதவில்லை. எழுதினால் என் கை எங்காவது ஒரு சொல்லைக் கூட்டிவிடும்.